தமிழில் வந்த ஒரே கருத்து

கொல்கத்தாவில் எங்கள் வீட்டுக்குத் தமிழ் பேசுவதற்கு மட்டுமல்ல, மறைப்பதற்கும்தான். லிஃப்டில் எதிரே நிற்பவரின் சட்டையைப் பற்றி, காய்கறிக்காரர் சொல்லும் விலையைப் பற்றி, ஆட்டோவில் முட்டியால் இடிக்கும் மனிதரைப் பற்றி, அவரவர் முகத்துக்கு நேராகவே சிரித்துக்கொண்டு தமிழில் சொல்லிவிடுவோம். அம்மா இருந்தவரை இதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. "மொதல்ல தொப்பை வருது, அப்புறம்தான் ஆள் வர்றார்" என்று சொல்லிவிட்டு, அதே மனிதரிடம் வங்காளியில் சௌக்கியமா என்று கேட்பாள். ஒருமுறைகூட நாங்கள் மாட்டிக்கொண்டதில்லை. இந்த ஊரின் டாக்குரியாப் பகுதியிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு வங்காளிதான் சரளம். ஆனால் கோபம் வந்தால் வாயில் வருவது தமிழ். யாருக்கும் புரியாது என்ற தைரியத்தில் வளர்ந்த நாக்கு, அது எங்கே அடங்கும்?

இந்தப் பழக்கம்தான் போன வருஷம் என் காலை வாரிவிட்டது.

எங்களுக்குக் கீழ்வீட்டில் இருப்பவரை நான் தீதி, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவேன்; பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர். நமக்குத் தீபாவளி மலர் மாதிரி இங்கே துர்கா பூஜைக்குக் குண்டு குண்டாகச் சிறப்பிதழ்கள் வரும். அதில் குழந்தைகளுக்கென்று ஒரு விஞ்ஞான சாகசக் கதை கட்டாயம் இருக்கும். சின்ன வயதில் அப்படி ஒன்றில் படித்த கதை தீதியை விடவே இல்லை. எழுதியவர் அந்த ஒரு கதையோடு காணாமல் போனவர். தீதி அவருடைய வீட்டாரைத் தேடிப் பிடித்து, அனுமதி வாங்கி, அதைப் படமாக எடுக்கக் கிளம்பிவிட்டார். கேமரா, அவருடைய கைபேசி. படக்குழு, அவரிடம் படித்துவிட்டு இப்போது சால்ட் லேக் ஐடி கம்பெனிகளில் வேலை பார்க்கிற பழைய மாணவர்கள். படப்பிடிப்புத் தளம், எங்கள் கட்டடத்து மொட்டை மாடி.

கதை இதுதான். வங்கக் கடலுக்கு அடியில் ஒரு பெரிய பள்ளம். அதற்குள் வெளிச்சத்தைத் தின்று உயிர்வாழும் ஒரு ஜந்து. அதைத் தேடி இரண்டு கிழட்டு விஞ்ஞானிகள், தாங்களே செய்த நீர்மூழ்கியில் இறங்குகிறார்கள். கதையில் இருவருமே வங்காளிகள். தீதி அதில் ஒருவரைத் தமிழராக மாற்றினார். கலைக்காக மாற்றினார் என்று பிற்பாடு பேட்டி மாதிரி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். அதெல்லாம் சும்மா. பகல் முழுக்க வீட்டில் இருக்கிற, கூப்பிட்ட குரலுக்கு வருகிற, படி ஏறத் தெம்புள்ள வயதானவர் எங்கள் கட்டடத்தில் என் அப்பா ஒருத்தர்தான்.

அப்பா திருச்சிப் பக்கத்திலிருந்து இளைஞராகத் துறைமுக வேலைக்கு வந்தவர். ஓய்வு பெற்றும் ஊருக்குத் திரும்பவில்லை. வங்காளியைத் தமிழ் மாதிரியே அழுத்தி அழுத்திப் பேசுவார், கூச்சமே படமாட்டார். எழுத்து மட்டும் ஒன்றுகூடப் படிக்க வராது. பஸ்ஸின் நம்பரைப் பார்த்து ஏறியே காலத்தை ஓட்டிவிட்டவர். அம்மா போன பிறகு வீட்டில் நானும் அவரும்தான். காலையில் நான் ஆபீசுக்கு சால்ட் லேக் பஸ் பிடித்தால், சாயங்காலம் நான் வரும்வரை அவருக்குத் துணை டி.வி.

"மேஷோமஷாய், எங்க படத்துல நடிக்கறீங்களா?" என்று தீதி வந்து கேட்டபோது, பெரியவர்களை இங்கே மரியாதையாக மேஷோமஷாய் என்றுதான் கூப்பிடுவார்கள், அப்பா யோசிக்கக்கூட இல்லை.

"எனக்குச் சண்டை எல்லாம் வராதும்மா. மத்தபடி சரி," என்றார்.

நீர்மூழ்கி, மொட்டை மாடியில் ஓட்டை விழுந்து ஓரமாகக் கிடந்த பழைய கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. அதற்கு வெள்ளிப் பெயின்ட் அடித்து, பக்கவாட்டில் வட்டமாக வெட்டி, வாஷிங் மெஷின் கதவைப் பொருத்தினார்கள். கடல், தீதி வீட்டு மீன் தொட்டி. அதைக் கேமராவுக்கு முன்னால் வைத்துப் படம் பிடித்தால் அப்பாவின் முகத்துக்குக் குறுக்கே தங்கமீன் நீந்தும். அந்த ஜந்து, நீலத் தார்ப்பாய்க்குள் காளி பூஜை சீரியல் லைட்டைச் சுற்றி, உள்ளே இரண்டு பேர் புகுந்துகொண்டு நெளிவது. நான் துணி காயப்போட மாடிக்குப் போனால், "ஃப்ரேம்ல புடவை வருது, நகருங்க" என்று என்னையே விரட்டினார்கள். என் வீட்டு மாடி, என் புடவை!

ஆனால் அப்பா வேறு ஆளாகிவிட்டார். காலையில் எழுந்ததும் முகச்சவரம். குளித்ததும் வசனம். வங்காளி வசனத்தைத் தமிழ் எழுத்தில் எழுதி நான் குளியலறைக் கதவில் ஒட்டிவைக்க வேண்டும். லேக் மார்க்கெட்டில் காப்பிப்பொடி வாங்கப் போனாலும், அரைபட்டு வருவதற்குள் கடைக்காரரிடம் மொத்தக் கதையையும் சொல்லி முடித்துவிடுவார். ஊரில் இருக்கிற தம்பி, தங்கைகள், அவர்கள் பிள்ளைகள் எல்லோருக்கும் போன் போட்டு, "நான் சினிமால நடிக்கறேன்" என்றார். போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் சிரித்தபடியே உட்கார்ந்திருப்பார்.

படம் முடிந்து இணையத்தில் ஏறியது. தீதி எல்லோருக்கும் இணைப்பை அனுப்பினார். அப்பா தன் உறவுக்காரர்களுக்கெல்லாம் என்னை அனுப்பச் சொன்னார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வரிசையாகக் கட்டைவிரல் வந்தது. இங்கே உள்ள தமிழ்க்காரர்கள் குழுவில் "வாழ்த்துகள் சார்" என்று கும்பிடுகிற கை வந்தது. இணைப்பை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரிந்தது. சித்தப்பாவுக்கு போன் போட்டு, "கடைசியில என்ன ஆகுது சொல்லு பார்ப்போம்" என்று கேட்டிருக்கிறார். அவர், "நெட்டு ஸ்லோண்ணா, பொங்கலுக்கு உக்காந்து பாக்கறோம்" என்றாராம்.

"வங்காளிங்க பாக்கறாங்க, அது சந்தோஷம்தான்," என்றார் அப்பா என்னிடம். "ஆனா நம்ம ஊர் ஆளு ஒருத்தன் பார்த்து ஒரு வார்த்தை சொன்னா போதும். திட்டினாலும் சரி. இத்தனை வருஷம் இங்க இருந்துட்டேன், நான் என்ன பண்றேன்னு அங்க ஒருத்தனுக்கும் தெரியாது பாரு."

அதிலிருந்து அவருக்கு அந்த ஒரே ஏக்கம்தான். தமிழ் ஆள் ஒருத்தர் பார்த்தாரா, இல்லையா.

சாயங்காலம் நான் காப்பி போட்டு முடித்ததும் எங்கள் வீட்டில் ஒரு சடங்கு ஆரம்பமாகும். தீதி அப்பாவின் டேப்லெட்டில் அவர் பெயரில் ஒரு கணக்கு திறந்து கொடுத்திருந்தார். படத்துக்குக் கீழே வந்திருக்கும் கருத்துகளை நான் படிக்க வேண்டும், தமிழில் சொல்ல வேண்டும். ஏறக்குறைய எல்லாமே வங்காளி. ஒரு ஆள், 'கதையில் நீர்மூழ்கி தாமிரம், இதில் குழாய்க்காரர் வீட்டுத் தொட்டி' என்று எழுதியிருந்தார். நான், "நீர்மூழ்கியை எப்படிச் செஞ்சாங்கன்னு ஆச்சரியப்படறாருப்பா" என்றேன். இன்னொருவர், 'மூலக்கதையில் மாத்ராஜி எங்கே வந்தான், என் குழந்தைப் பருவத்தைக் கெடுத்துவிட்டீர்கள்' என்று பொங்கியிருந்தார். மாத்ராஜி என்றால் மதராஸி, இங்கே நம்மவர்கள் எல்லோருக்கும் அதுதான் பெயர். நான், "கதையை மாத்தினதை ரொம்பக் கவனிச்சிருக்கார்" என்றேன். 'மாத்ராஜி தாத்தாவைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது' என்று ஒரு பெண். "உங்களைப் பார்த்தா சந்தோஷமா இருக்காம்" என்றேன். நல்ல கருத்துகளும் இருந்தன, இல்லையென்று சொல்லவில்லை. 'பணமில்லாமல் இவ்வளவு ஆசையோடு எடுத்திருக்கிறீர்கள், என் பையன் இரண்டு முறை பார்த்தான்' என்று ஒரு அம்மா எழுதியிருந்தார். ஆனால் அதைப் படிக்கும்போதும் நான் மற்றதைச் சொன்ன அதே குரலில்தான் சொன்னேன். அப்பாவுக்கு எது நிஜம், எது நான் பூசியது என்று வித்தியாசமே இல்லாமல் போயிற்று.

"தமிழ்ல ஏதாவது?" என்று கடைசியில் கேட்பார்.

"இன்னும் இல்லப்பா. வரும்."

தினமும் பொய்யைச் சர்க்கரையில் தோய்த்துக் கொடுத்தால் கொடுக்கிறவளுக்கு வாய் கசந்துபோகும். எனக்குக் கசந்தது. அந்தச் சமயம் பார்த்து தீதி மேலே வந்தார். இரண்டாம் பாகம் எடுக்கப் போகிறாராம். இந்த முறை மேஷோமஷாய்க்கு நிறைய வசனமாம். நிஜமான தண்ணீரில் இறங்குகிற காட்சிகூட உண்டாம். அப்பா உட்கார்ந்த இடத்திலேயே நிமிர்ந்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவருடைய முட்டிக்குத் தைலம் தேய்ப்பது யார்? ஊர் சிரிப்பதைத் தினமும் படித்து மென்று விழுங்குவது யார்? தீதியிடம் வங்காளியில், "நல்ல விஷயம்" என்றேன். வேறென்ன சொல்ல? பக்கத்துவீடு. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது தினமும் சோறு கொண்டுவந்தவர்.

மறுநாள் ஆபீஸ் போகிற பஸ்ஸில் உட்கார்ந்து, என் கைபேசியில், யாரோ ஓர் ஆணின் பெயர் மாதிரி ஒன்றைப் புனைந்து, படத்துக்குக் கீழே தமிழில் எழுதித் தள்ளினேன்.

'இது அறிவியல் சாகசப் படம் என்றால் எங்கள் வீட்டு கிரைண்டரும் ராக்கெட்தான். தண்ணீர்த் தொட்டிக்குள் ஆட்களை அடைத்துக் கேமராவை ஆட்டினால் கடலடிப் பயணமா? விஞ்ஞானியாக வரும் பெரியவர் வசனத்தை ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி ஒப்பிக்கிறார். கையை எங்கே வைப்பதென்று அவருக்கும் தெரியவில்லை, சொல்லிக்கொடுக்கவும் ஆள் இல்லை. இந்த வயதில் அவரை ஏன் பாடாய்ப் படுத்த வேண்டும்?'

எழுதி முடித்ததும் எவ்வளவு நிம்மதி! லிஃப்டில் எதிரே நிற்பவரைத் திட்டுகிற அதே நிம்மதி. தீதிக்குத் தமிழ் தெரியாது. அப்பா கருத்துகளைத் தானாகப் படிப்பதில்லை. நான்தான் படிக்கிறேன், இதைப் படிக்காமல் தாண்டிவிட்டால் தீர்ந்தது. இப்படித்தான் கணக்குப் போட்டேன். தமிழில் ஒரு கருத்து வராதா என்று தினமும் காத்திருக்கிற ஆளின் மகள், அந்தத் தமிழ்க் கருத்தை இப்படி எழுதினேன். அது எவ்வளவு அபத்தம் என்று அன்றைக்குத் தோன்றவே இல்லை.

அன்று சாயங்காலம் நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, தீதி கைபேசியை நீட்டிக்கொண்டு மூச்சிரைக்க மேலே ஓடிவந்தார்.

"மேஷோமஷாய்! உங்க பாஷைல ஒண்ணு வந்திருக்கு! மொழிபெயர்க்கற பட்டனை அமுக்கிப் பார்த்தேன், கிரைண்டர், ராக்கெட்டுன்னு ஏதோ சொல்லுது. ராக்கெட்டுன்னா நல்லதுதானே? நீங்க படிச்சுச் சொல்லுங்க."

"குடுங்க தீதி, நான் படிக்கறேன்," என்று கையை நீட்டினேன்.

"நீ எப்பவும்தான் படிக்கறே. தமிழை நான் படிக்க மாட்டேனா?" என்று அப்பா கைபேசியை வாங்கிக்கொண்டார். எழுந்து ஜன்னல் பக்கம் போனார். உதடுகள் அசைய, எழுத்துக் கூட்டுகிற குழந்தை மாதிரி மெதுவாகப் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். நான் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன். பூமி பிளந்து உள்ளே போய்விடக்கூடாதா என்றிருந்தது.

திரும்பி தீதியைப் பார்த்து, அவருடைய அழுத்தமான வங்காளியில் சொன்னார்: "நல்லா எழுதியிருக்கார். புதுமையா இருக்கு, ராக்கெட் மாதிரி போகுதுங்கறார். அந்தக் கிழவன் மட்டும் இன்னும் கொஞ்சம் நல்லா நடிச்சிருக்கலாமாம்."

"அதெல்லாம் இல்ல, நீங்கதான் படத்துலயே பிரமாதம்!" என்று தீதி சிரித்துக்கொண்டே இறங்கிப் போய்விட்டார்.

நான் தினமும் அவருக்குச் செய்ததை அவர் தீதிக்குச் செய்தார், அதுவும் என்னைவிட லாகவமாக. கதவைச் சாத்திவிட்டு என்னிடம் வந்தார். திட்டப்போகிறார், அழப்போகிறார், படத்தை விடப்போகிறார், என்னென்னவோ நினைத்தேன். அவர் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்.

"தமிழ் ஆளு ஒருத்தர் பார்த்துட்டார்டீ! முழுசா பார்த்திருக்கார். கையைக்கூடக் கவனிச்சிருக்கார்."

"திட்டித்தானேப்பா எழுதியிருக்கான், யாரோ வேலையத்தவன்..."

"அவன் இவன்னாதே," என்றார் சட்டென்று. "சரியாத்தான் சொல்றார். கையை எங்க வெச்சுக்கறதுன்னு எனக்கு நிஜமாவே தெரியல. நீ படிச்சுக் காட்டறதுல எல்லாரும் நல்லாருக்கு நல்லாருக்குங்கறாங்க. அப்படி இருக்குமா? நீ எனக்காகப் பூசி மெழுகறேன்னு எனக்குத் தெரியாதா? இவர் ஒருத்தர்தான் மனசுல பட்டதைச் சொல்லியிருக்கார்."

அப்போதே சொல்லியிருக்கலாம். 'அது நான்தான்ப்பா' என்று ஒரு வார்த்தை. வாய் நீளமானவள் என்று பெயரெடுத்தவளுக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை.

அவர் டேப்லெட்டை எடுத்துவந்து என் மடியில் வைத்தார். பதில் எழுத வேண்டுமாம். அவருக்குத் தட்டச்சு வராது, அவர் சொல்லச் சொல்ல நான் அடிக்க வேண்டும். "ஐயா, பார்த்ததற்கு நன்றி. நீங்கள் சொன்னது சரி. இதுதான் எனக்கு முதல் படம். கையை எங்கே வைத்துக்கொண்டால் நன்றாக இருக்கும்? தங்களுக்கு எந்த ஊர்?" எனக்கு அப்பா எழுதிய முதல் கடிதம் அது. நானே என் விரலால் அடித்து எனக்கே அனுப்பினேன். கைப்பைக்குள் என் கைபேசி டிங் என்றது. "ஆபீஸ்லேர்ந்தா? பாரு," என்றார். அப்புறம் பார்க்கிறேன் என்றேன்.

பதில் போடாமல் விட்டிருக்கலாம். மறுநாள், அதற்கு மறுநாள், காப்பியைக்கூடத் தொடாமல், "அவர் ஏதாவது எழுதினாரா?" என்று கேட்டார். மனசு கேட்கவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து எழுதினேன். 'சட்டைப்பையில் ஒரு கையை விட்டுக்கொள்ளலாம். கடுமையாக எழுதியதற்கு மன்னியுங்கள்.' ஊரைப் பற்றி மூச்சு விடவில்லை. அந்த ஒரு பொய்யையாவது சொல்லாமல் இருந்தேன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன், கேவலம்.

சாயங்காலம் அதைப் படித்துக் காட்டியதும், அப்பா ராத்திரி வெகுநேரம் கண்ணாடி முன் நின்று சட்டைப்பையில் கைவிட்டுப் பழகினார். "ஊரைச் சொல்லலையே. எழுத்து நடையைப் பார்த்தா நம்ம பக்கத்து ஆளுதான், வாத்தியாரா இருப்பார்," என்றார். சித்தப்பாவுக்கு போன் போட்டார். "உங்களுக்குத்தான் நேரமில்ல. அங்க ஒருத்தர் உக்காந்து முழுசா பார்த்து, குத்தம் குறையெல்லாம் எடுத்து எழுதியிருக்கார் தெரியுமா?" அந்தக் குரலில் இருந்த பெருமையைக் கேட்டு நான் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டேன்.

ஆனால் அந்த முகம் தெரியாத ஆளை அவர் நம்பியதால் வேறொரு வினை வந்தது. ஒருநாள் காலையில், "ரெண்டாம் பாகத்துக்கு வேற யாரையாவது பாக்கச் சொல்லிடறேன் தீதிகிட்ட," என்றார். ஏன் என்றேன். "அவர்தான் எழுதியிருக்காரே, இந்த வயசுல ஏன் பாடாய்ப் படுத்தணும்னு. வெளியாள் கண்ணுக்கே அப்படித் தெரிஞ்சிருக்கு." நான் எவ்வளவோ சொன்னேன். நீங்கள் நன்றாகத்தான் நடித்தீர்கள் என்றேன். "நீ அப்படித்தான் சொல்லுவே," என்றார். என் வார்த்தைக்கு மதிப்பு போய்விட்டது. அதை நானே தினம் ஒரு பொய்யாகச் சொல்லிச் சொல்லித் தீர்த்துவிட்டிருந்தேன். அந்த வேலையத்தவன் சொன்னால்தான் அவர் கேட்பார்.

அவன் பொய் சொல்லக்கூடாது. அது மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதனால் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, அப்பா எங்கள் பேட்டை ஏரியான லேக் பக்கம் நடக்கப் போன நேரத்தில், படத்தை மறுபடி பார்த்தேன். உண்மையைச் சொன்னால் முதல்முறை அப்போதுதான் பார்த்தேன். வெளியான அன்று கூடவே உட்கார்ந்து, மீன் எப்போது குறுக்கே வரும், எங்கே சிரிப்பார்கள் என்று வெட்கத்தோடு பார்த்ததெல்லாம் பார்ப்பதில்லை.

படம் சுமார்தான், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. தொட்டி தொட்டியாகத்தான் இருந்தது. ஆனால் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் ஓர் இடம். ஜந்து நெருங்கிவிட்டது, நீர்மூழ்கியின் விளக்கு அணைகிறது. இன்னொரு விஞ்ஞானி கத்துகிறார். அப்பா கத்தவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றுகிறார். சட்டை நுனியால் துடைக்கிறார். மறுபடி போட்டுக்கொண்டு, அந்த இருட்டையே பார்க்கிறார். அவ்வளவுதான், வசனம் கிடையாது. அதை நான் முன்பே பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வந்து அம்மாவைப் பற்றிச் சொன்னபோது அப்பா அதைத்தான் செய்தார். தார்ப்பாயும் சீரியல் லைட்டும் என்று தெரிந்தும் எனக்குப் பயமாக இருந்தது. தனியாக உட்கார்ந்து அழுதேன்.

அழுதுவிட்டு எழுதினேன். 'முன்பு ஒன்றை எழுத மறந்துவிட்டேன். விளக்கு அணைந்ததும் நீங்கள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்க்கிறீர்களே, அந்த இடத்தில் நான் பயந்துவிட்டேன். நடிப்பு என்றே தோன்றவில்லை. வயதைப் பற்றி நான் எழுதியது தப்பு. அடுத்த பாகத்தில் நீங்கள் இருக்க வேண்டும்.'

சாயங்காலம் அதை அவருக்குப் படித்துக் காட்டினேன். "அதை யாரும் சொல்லித்தரல, தெரியுமா? நானாத்தான் பண்ணினேன்," என்றார். டேப்லெட்டை வாங்கி இன்னொரு முறை தானே படித்தார். பிறகு கீழே இறங்கிப் போய், ஞாயிற்றுக்கிழமை படப்பிடிப்புக்கு வருகிறேன் என்று தீதியிடம் சொல்லிவிட்டு வந்தார். அன்று ராத்திரி ஒரு கரண்டி சோறு கூடுதலாகச் சாப்பிட்டார். எல்லாம் சரியாகிவிட்டது, இனி அந்த ஆசாமியை மெல்ல மறைய வைத்துவிடலாம் என்று நானும் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அப்படி நடக்கவில்லை. சனிக்கிழமை காலை, இட்லிக்கு அரிசி ஊறப்போட்டுக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டு டேப்லெட்டைக் கொடுத்தார். "ஒண்ணே ஒண்ணு அடிச்சுடு. 'ஐயா, கொல்கத்தா பக்கம் வந்தால் அவசியம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வர வேண்டும். உங்களை நேரில் பார்க்க ஆசை.' அவ்வளவுதான். அனுப்பு."

அடித்தேன். அனுப்பினேன். என் கைபேசி அந்த மேஜையிலேயே, அவருடைய முழங்கைக்குப் பக்கத்தில் சார்ஜில் கிடந்தது. வழக்கமாக வேறு அறையில்தான் வைப்பேன். சத்தத்தையும் அடைத்திருந்தேன். ஆனால் திரை பளிச்சென்று எரிந்தது. அதில் தமிழில், 'ஐயா, கொல்கத்தா பக்கம் வந்தால் அவசியம்...'

அப்பா குனிந்து படித்தார். டேப்லெட்டைப் பார்த்தார். மறுபடி கைபேசியைப் பார்த்தார்.

"இது இப்போ நான் சொன்னதுதானே? உனக்கு எதுக்கு வருது?"

எல்லோருக்கும் வரும் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். அந்தப் பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"அது நான்தான்ப்பா," என்றேன். "எழுதினது எல்லாம் நான்தான்."

"மொதல்ல எழுதினதா?"

"அதுவும்."

"கண்ணாடி துடைச்சது?"

"அதுவும் நான்தான். ஆனா அது நிஜம்ப்பா. சத்தியமா நிஜம். அம்மா மேல ஆணையா..."

"ஆணையெல்லாம் எதுக்கு," என்றார். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையில் இருந்ததைத் தூக்கி எறிந்திருந்தால்கூடத் தேவலை.

"அப்போ நம்ம ஊர்ல யாருமே பாக்கல," என்றார்.

"நான் பார்த்தேனேப்பா."

"நீ பார்ப்பே. நீ பாக்காம இருப்பியா?" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார். அவர் என்னைத் தேற்றினார். அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். லேக் பக்கம் ஒரு நடை போய்வருகிறேன் என்றார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, திரும்பாமல் சொன்னார்: "நாளைக்கு ஷூட்டிங்குக்குப் போறேன். தீதிகிட்ட வர்றேன்னு சொல்லியாச்சு, அது மாறாது. ஆனா அந்தப் படம் வந்தா, கீழ என்ன எழுதியிருக்காங்கன்னு படிச்சுக் காட்ட வேண்டாம்மா."